நாக்கு மரக்கும் கிழங்கு: சீன மருத்துவத்தின் ஃபூட்ஸு

சீன மூலிகைக் கடையில் ஃபூட்ஸு என்று எழுதிய சீட்டை நீட்டினால், கடைக்காரர் இழுப்பறையிலிருந்து அள்ளிப் போடுவது கருப்பட்டி நிறச் சில்லுகள். பம்பரத்தை நெடுக்காக அரிந்தது போல மேலே அகன்று கீழே குறுகியிருக்கும். ஓரத்தில் கறுத்த தோல், நடுவில் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊடே மங்கலாக ஒளி தெரியும். வளைத்தால் கொம்புச் சீவல் மாதிரிப் பட்டென்று ஒடியும். மணம் பெரிதாக இல்லை, சுவையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இதே கிழங்கைத் தோண்டிய அன்று ஒரு துணுக்கு கடித்தால் உதடும் நாக்கும் மரத்துப்போகும். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் இதயம் தாளம் தப்பும், நின்றும் போகும்.

வயலிலிருந்து இழுப்பறைக்கு வருவதற்குள் அந்தக் கிழங்குக்கு என்ன ஆனது என்பதில்தான் மருந்தே இருக்கிறது. எத்தனை கிராம் என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான். ஃபூட்ஸுவால் நடக்கும் விபத்துகளை வரிசையாகப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் யாரோ ஒருவர் நீரையோ நேரத்தையோ மிச்சம் பிடித்திருப்பார்.

தாயும் பிள்ளையும்

செடியின் பெயர் அகோனைட்டம் கார்மிக்கேலி. இடுப்பளவு வளரும், ஊதா நிறத்தில் முக்காடு போட்ட மாதிரிப் பூக்கும். மஞ்சள் பயிரிடுவோருக்கு இதன் வேர் அமைப்பைச் சொல்வது எளிது. நட்ட கிழங்கு தாய். அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வளர்வது பிள்ளை. மஞ்சளில் குண்டும் விரலியும் ஒரே மருந்து. இங்கே அப்படியில்லை, தாய் ஒரு மருந்து, பிள்ளை வேறொரு மருந்து.

தாய்க்கிழங்கை வூதோவ் என்கிறார்கள். 'காக்கைத் தலை' என்று பொருள். வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். சிச்சுவானில் விளைந்த தாய்க்கிழங்கு மருந்துக் கடையில் சுவான்வூ. பக்கத்தில் ஒட்டிய பிள்ளைதான் ஃபூட்ஸு. பெயரின் பொருளும் 'ஒட்டிய பிள்ளை'தான். சீன மருந்தியல் ஏட்டின்படி பக்குவம் செய்த ஃபூட்ஸுவின் அளவு 3 முதல் 15 கிராம். பக்குவம் செய்த சுவான்வூவுக்கு 1.5 முதல் 3 கிராம்தான். ஒரே செடியில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கிழங்குகளுக்கு இவ்வளவு வித்தியாசம். பயனும் வேறு. தாய்க்கிழங்கு மூட்டு வலிக்கும் குளிர் வாதத்துக்கும் போகிறது. பிள்ளைக் கிழங்கு, கைகால் சில்லிட்டு, நாடி ஒடுங்கி, குளிர்ந்த வியர்வை வழியும் நிலையில் 'யாங்' என்னும் உடற்சூட்டைத் திரும்பக் கொண்டுவரக் கொடுப்பது. மூன்றாவதாக அகோனைட்டம் குஸ்னெட்ஸோஃபி என்ற இன்னொரு இனத்தின் கிழங்கு உண்டு. அதற்கு ட்ஸாவ்வூ என்று பெயர், 'காட்டுக் காக்கை' என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயர் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. தோல் சீவி வெளுப்பாகச் செய்த ஃபூட்ஸு சில்லுக்கு பாய்ஃபூபியன் என்று பெயர். பாய்ஃபூட்ஸு என்பதோ சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் கிழங்கு. 'பாய்' என்றால் வெள்ளை, இரண்டிலும் அது இருக்கிறது. அது போதாதென்று குவான்பாய்ஃபூ என்று இன்னொன்று. அது மறுபடியும் அகோனைட்டம் இனம். சீட்டில் ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ செடியே மாறிவிடும்.

ஜியாங்யோ வயல்களில்

ஃபூட்ஸுவுக்குப் பேர்போன ஊர் சிச்சுவான் மாகாணத்தின் ஜியாங்யோ. கவிஞர் லி பாய் வளர்ந்த பகுதியும் அதுதான். ஃபூ ஆற்றங்கரையின் வண்டல் சமவெளியில் சொங் அரச காலத்திலேயே இது முறையான பயிர். அந்தப் பகுதியின் பழைய பெயர் ஜாங்மிங். யாங் தியன்ஹுய் என்ற அதிகாரி அங்கே ஃபூட்ஸு எப்படி விளைகிறது என்று தனியாகவே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்.

விதைக்கிழங்கு சமவெளியில் எடுப்பதில்லை. பக்கத்து மலைப்பகுதிகளில் வளர்த்து இறக்குகிறார்கள். சமவெளியில் எடுத்ததையே திரும்பத் திரும்ப நட்டால் விளைச்சல் தேய்ந்து, நோய் ஏறிவிடும். நடவு குளிர்காலச் சங்கராந்தியை ஒட்டி, டிசம்பரில். அறுவடை ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டு தொடக்கம் வரை.

நடுவில் இருக்கும் வேலைதான் இந்தப் பயிரின் நுணுக்கம். வசந்த காலத்தில் இருமுறை, ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில், விவசாயி ஒவ்வொரு செடியாகக் குனிந்து அடிமண்ணை விலக்குவார். தாய்க்கிழங்கைச் சுற்றி அரும்பியிருக்கும் பிள்ளைகளில் எதிரெதிராக இருக்கும் பெரிய இரண்டோ மூன்றோ மட்டும் விட்டு, மற்றதைச் சிறு கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மண்ணை மூடுவார். மேலே தண்டின் நுனியைக் கிள்ளி, பக்க அரும்புகளையும் ஒடித்துவிடுவார். பூக்கவும் கிளைக்கவும் போகும் சத்தை மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்குத் திருப்பும் வேலை இது. இப்படிச் செய்யாவிட்டால் நெல்லிக்காய் அளவில் நிறையக் கிடைக்கும், சில்லு போட ஒன்றும் தேறாது.

எதிரி வெண்பட்டு நோய். ஸ்கிளிரோஷியம் பூஞ்சை கழுத்துப் பகுதியில் வெள்ளை நூல் பின்னி, கிழங்கை அழுக்கிவிடும். நம் ஊர் நிலக்கடலையில் தண்டழுகல் உண்டாக்குவதும் இதே பூஞ்சைதான். வெயிலும் மழையும் சேரும் ஜூன் மாதம் அதற்குக் கொண்டாட்டம். ஃபூட்ஸு எடுத்த கையோடு நெல் நடுவது இதற்காகவும்தான். தண்ணீர் கட்டினால் பூஞ்சையின் வித்துகள் குறையும்.

உப்புக் கழிவுநீர்த் தொட்டி

தோண்டிய கிழங்குக்கு 'மண் ஃபூட்ஸு' என்று பெயர். ஜூலை வெக்கையில் அது ஒரு நாள் தாங்கினால் அதிகம். குவித்து வைத்தால் உள்ளே சூடேறி, தொட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். அதனால் வயலிலிருந்து நேராகத் தொட்டிக்குப் போகிறது. தொட்டியில் இருப்பது தான்பா கரைசல்: உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீர், பெரும்பகுதி மெக்னீசியம் குளோரைடு. டோஃபு உறையவைக்கவும் பயன்படுவதுதான்.

தான்பா அழுகலை நிறுத்துகிறது. கிழங்கின் சதையை இறுக்கி, பின்னால் வேகவைத்து அரியும்போது பொடியாமல் வைக்கிறது. ஆனால் கசப்பு நீரே உடம்புக்கு ஆகாது. ஆக, ஒரு நஞ்சுக்காகச் செய்யும் வேலையில் இன்னொன்று உள்ளே ஏறுகிறது. அதை வெளியேற்ற மறுபடி அலச வேண்டும். இந்த அலசலைப் பற்றிப் பின்னால் ஒரு சண்டையே இருக்கிறது.

தொட்டியிலிருந்து பாதை பிரிகிறது. உப்பு ஃபூட்ஸு என்றால், ஓர் இரவு தான்பாவில் ஊறிய கிழங்கில் உப்பும் சேர்த்து, தினமும் எடுத்து வெயிலில் காயவைத்து, திரும்ப ஊறப்போட்டு, வெயில் நேரத்தை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போவார்கள். மேலே உப்புப் பூத்து, கிழங்கு கல்லாகும்வரை இது நடக்கும். இது மருந்து அல்ல, கெடாமல் வைத்திருக்கும் சரக்கு மட்டும்.

ஹெய்ஷுன்பியன் என்னும் கறுப்புச் சில்லுக்கு, தான்பாவில் பல நாள் ஊறிய கிழங்கை அந்த நீரோடேயே நடுப்பகுதி வரை வேகவைப்பார்கள். பிறகு தோலோடு நெடுக்காக அரை சென்டிமீட்டர் கனத்தில் அரிந்து, நீரில் ஊறவைத்து அலசி, சாயம் ஏற்றி, எண்ணெய்ப் பளபளப்பு வரும்வரை ஆவியில் வைத்து, உலர்த்துவார்கள். பாய்ஃபூபியனுக்குத் தோலை உரித்து 0.3 சென்டிமீட்டர் கனத்தில் அரிவது; சாயம் இல்லை.

சாயம் என்ற சொல்லைக் கவனியுங்கள். கறுப்புச் சில்லின் அந்த அடர்ந்த தேநீர் நிறம் வழக்கமாகச் சர்க்கரையும் கடுகின எண்ணெயும் சேர்ந்த கலவையால் வருகிறது. நன்றாகக் கறுத்திருந்தால் நன்றாக வெந்தது என்று நினைத்து வாங்குவோர் நிறைய. நிறம் சர்க்கரையைப் பற்றிச் சொல்கிறது, வேக்காட்டைப் பற்றி அல்ல.

மூன்றாவது பாதை தான்ஃபூபியன், 'மெல்லிய' ஃபூட்ஸு. உப்பு ஃபூட்ஸுவை எடுத்து, நாளைக்கு 2 அல்லது 3 தடவை நீர் மாற்றி, உப்பு முழுதும் போகும்வரை ஊறவைக்க வேண்டும். பிறகு 100 கிலோவுக்கு 5 கிலோ அதிமதுரம், 10 கிலோ கறுப்பு சோயா சேர்த்து வேகவைக்க வேண்டும். எப்போது நிறுத்துவது? ஏட்டில் எழுதியிருக்கும் அடையாளம் இதுதான்: நடுவரை வெந்து, அரிந்து வாயில் வைத்தால் நாக்கு மரக்கக் கூடாது.

தாய்க்கிழங்குக்கு இன்னும் தெளிவான குறிப்பு உண்டு. உள்ளே உலர்ந்த மையம் இல்லாதபடி ஊறவைத்து, 4 முதல் 6 மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும், அல்லது 6 முதல் 8 மணி நேரம் ஆவியில் வைக்க வேண்டும். பிறகு அந்தக் கொப்பரையில் இருப்பதிலேயே பெரிய, கெட்டியான கிழங்கை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் வெள்ளைப் பொட்டு இருந்தால் இன்னும் வேகவில்லை. வெந்த மாவுச்சத்து கண்ணாடி போலாகும். வேகாதது சுண்ணாம்பு மாதிரி வெளுத்து நிற்கும். உருளைக்கிழங்கு வேகவைத்தவர்கள் எல்லோரும் பார்த்ததுதான். ஒரே ஈட்டில் சின்னதும் பெரியதும் கலந்து போட்டால் சின்னது குழைந்திருக்கும்போது பெரியதன் நடுவில் அந்தப் பொட்டு மிச்சம் இருக்கும். எல்லாச் செய்முறையும் 'அளவு பார்த்துப் பிரி' என்று தொடங்குவது இதனால்தான்.

நாக்குச் சோதனை நல்லதுதான், ஆனால் அது ஒரு துண்டை ஒரு நாக்கு சோதிப்பது. காலையிலிருந்து பத்துத் துண்டு மென்று துப்பிய நாக்கு பதினொன்றாவதற்கு என்ன சொல்லும்?

ஒரு கட்டு உடைந்தால்

நஞ்சுக்குக் காரணம் மூன்று ஆல்கலாய்டுகள்: அகோனிட்டின், மீசகோனிட்டின், ஹைப்பகோனிட்டின். மூன்றிலும் அமிலத் துண்டைப் பிணைக்கும் எஸ்டர் கட்டுகள் இரண்டு; அதனால் இவை ஈரெஸ்டர்கள். ஒன்றில் அசிட்டிக் அமிலத் துண்டு, இன்னொன்றில் பென்சாயிக் அமிலத் துண்டு ஒட்டியிருக்கும். இந்த மூலக்கூறு நரம்பிலும் இதயத் தசையிலும் சோடியம் புகும் வாசலைத் திறந்த நிலையிலேயே நிறுத்திவிடும். வாசல் மூடாவிட்டால் அடுத்த துடிப்புக்குத் தசை தயாராக முடியாது. உதடு மரப்பதும் இதயம் துள்ளுவதும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள்.

கொதிநீரில் முதலில் அசிட்டிக் துண்டு கழன்று விழும். மிஞ்சும் ஓரெஸ்டர் ஆல்கலாய்டின் நச்சு, மூலத்தின் சில நூறில் ஒரு பங்கு. இன்னும் வெந்தால் பென்சாயிக் துண்டும் போய் அகோனின் மிஞ்சும். அதன் நச்சு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. வேகவைத்தல் நஞ்சை ஆவியாக்கி விரட்டுவதில்லை. அதை வேறு பொருளாக மாற்றுகிறது. அதற்கு இரண்டு வேண்டும்: நீர், சூட்டில் கழியும் நேரம். மரவள்ளியைத் திறந்து வைத்து வேகவைத்தால் நஞ்சு ஆவியோடு போய்விடும் என்ற பழக்க அறிவை இங்கே கொண்டுவர முடியாது.

மருந்தின் பயனில் ஒரு பங்கு இந்த ஓரெஸ்டர்களுடையது என்று கருதுகிறார்கள். இன்னொரு பங்கு ஹைஜினமைன் என்ற, எஸ்டரே இல்லாத ஒரு பொருளுடையது. இதயத்தை வேகமாகவும் வலுவாகவும் துடிக்கவைப்பது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2017 தடைப் பட்டியலில் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஃபூட்ஸு கலந்த மருந்து குடிக்கும் ஓட்டவீரர் சோதனையில் மாட்டக்கூடும்.

சில்லுக்கான தர அளவும் இந்த வேதியியலைப் பின்பற்றியே வைக்கப்பட்டிருக்கிறது. ஈரெஸ்டர்கள் மூன்றும் சேர்ந்து 0.020 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தான்ஃபூபியனில் 0.010. ஓரெஸ்டர்கள் 0.010 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முதல் வரம்பு கொல்லாமல் இருக்க, இரண்டாவது வெறும் சக்கையாகப் போகாமல் இருக்க.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். தர வரம்பின் உச்சியில் நிற்கும் கறுப்புச் சில்லு 15 கிராம், அதில் 0.020 சதவீதம் 3 மில்லிகிராம். மனிதரைக் கொல்ல 2 மில்லிகிராம் அகோனிட்டின் போதும் என்பது நச்சியலில் வழக்கமாகச் சொல்லும் அளவு. அதாவது தேர்வில் தேறிய சரக்கு, ஏட்டில் உள்ள அளவு, இரண்டும் சரியாக இருந்தும் வீட்டுக் கொதி இல்லாவிட்டால் ஆபத்து வாசலில் நிற்கிறது. பட்டறையில் நடந்த வேக்காட்டோடு வேலை முடிந்துவிடவில்லை. மிச்சத்தை உங்கள் மண்சட்டி முடிக்க வேண்டும்.

சட்டியில்

சீட்டில் ஃபூட்ஸு பெயருக்குப் பக்கத்தில் 'முதலில் கொதிக்கவை' என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். மற்ற மூலிகைகள் சேர்வதற்கு முன் சில்லு தனியாக வேக வேண்டும். 15 கிராமுக்குள் என்றால் கொதி வந்ததிலிருந்து ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது பத்திரம். அதற்கு மேல் மருத்துவர் எழுதினால் 2 மணி நேரம், சில சமயம் அதற்கும் அதிகம். கணக்கு கொதி வந்த பிறகு தொடங்குகிறது. அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து அல்ல.

நீரை முதலிலேயே தாராளமாக வைக்க வேண்டும். பாதியில் வற்றினால் ஊற்றுவது கொதிநீராக இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூடு இறங்கி, அதுவரை எண்ணிய நேரம் பொய்யாகும். சில்லு நீருக்கு மேலே ஒட்டிக்கொண்டு நிற்கவும் விடக் கூடாது. மின்சார மருந்துச் சட்டியில் ஒரு பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவது இன்றைய வழக்கமான தப்பு. யுன்னான் போன்ற மேட்டுநிலத்தில் இன்னொரு கணக்கு சேர்கிறது: குன்மிங் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,890 மீட்டர். அங்கே நீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பது கண்ணுக்கு ஒன்றுதான். வேதிவினைக்கு அந்த 6 டிகிரி பெரிய வித்தியாசம்.

பழைய மருத்துவர்கள் வேகாத ஃபூட்ஸுவையே கொடுத்தார்களே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஹான் அரச காலத்தின் இறுதியில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங்கின் ஸிநி தாங் கஷாயத்தில் பச்சை ஃபூட்ஸு ஒன்று, தோல் நீக்கி எட்டாக உடைத்தது. சுக்கு ஒன்றரை லியாங் (பழைய சீன எடை), வறுத்த அதிமதுரம் 2 லியாங். ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: 3 ஷெங் நீரை 1 ஷெங் 2 ஹெ ஆகும்வரை காய்ச்சு. ஒரு ஷெங் சுமார் 200 மில்லி என்றால், 600 மில்லி 240 ஆக வற்ற வேண்டும். அந்தக் காலத்து அடுப்படியில் நீர் வற்றுவதுதான் கடிகாரம். பொருள் பட்டியலைப் பார்த்துவிட்டு வற்றும் அளவை விட்டுவிடுபவர், அந்தச் சூத்திரத்தின் பாதியைத்தான் படித்திருக்கிறார்.

கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. பான்ஷியா முதலான சில மூலிகைகளோடு சேர்க்கக் கூடாது என்று பழைய விலக்குப் பட்டியலும் உண்டு. பான்ஷியாவோடு சேர்த்தே எழுதும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

பிடிப்பிடியாக எழுதுவோர்

19-ஆம் நூற்றாண்டில் சிச்சுவானில் ஜெங் சின்ஆன் என்பவரை மூலமாகக் கொண்டு ஒரு மரபு கிளம்பியது. 'நெருப்புத் தெய்வப் பள்ளி' என்று பெயர். அந்த வழியில் வருவோர் ஃபூட்ஸுவை 30, 60, சில நேரம் 100 கிராமுக்கு மேலும் எழுதுகிறார்கள். ஏட்டின் உச்ச அளவு 15. இது எப்படி உயிரோடு விடுகிறது?

நீண்ட கொதி ஒரு காரணம். 2, 3 மணி நேரம் வைக்கச் சொல்வார்கள். இன்னொன்று அந்த அலசல். தான்பாவை நீக்க நாட்கணக்கில் நீர் மாற்றி அலசும்போது, நீரில் கரைவதெல்லாம் கூடவே போய்விடுகிறது. நன்றாக அலசிய சில்லில் ஆல்கலாய்டு மிகக் குறைவு. 'மருந்து போய்ச் சக்கைதான் மிஞ்சுகிறது' என்று பட்டறைகளைத் திட்டும் மருத்துவர்கள் சீனாவிலேயே உண்டு. அப்படியென்றால் 60 கிராம் எழுதுபவர் உண்மையில் கொடுப்பது எவ்வளவு என்பது சரக்கைப் பொறுத்த விஷயம். ஆபத்தும் அங்கேதான். அதே நோயாளி, அதே சீட்டு. கடை மாறி, தான்பாவே போடாமல் நேராக ஆவியில் வேகவைத்த, அலசல் குறைந்த சில்லு வந்துவிட்டால் 60 கிராம் வேறு 60 கிராமாகிவிடும். பெரிய அளவை ஆதரிப்பவர்கள் வெற்றிக் கதைகளைச் சொல்லும்போது எந்தப் பட்டறைச் சரக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கதைக்கு மதிப்பு.

ஜப்பானில் இந்தக் குழப்பத்தைக் குறைக்க அழுத்த ஆவிக் கலத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே இதன் பெயர் புஷி. உயர் அழுத்தத்தில் நீராவி 100 டிகிரியைத் தாண்டுவதால் வினை வேகமாகவும் சீராகவும் நடக்கிறது. உப்பில் ஊறவைத்து வேகவைப்பது, உப்புக்குப் பின் சுண்ணாம்பு சேர்ப்பது என்ற வழிகளும் அவர்கள் ஏட்டில் இருக்கின்றன.

சித்த மருத்துவம் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது. நம் நாபி, அதாவது வச்சநாபி, இமயமலையில் விளையும் அகோனைட்டம் ஃபெராக்ஸ். ஃபூட்ஸுவின் நெருங்கிய பங்காளி. சுத்தி செய்யாமல் நாபியைத் தொடக்கூடாது என்பது விதி. சிறு துண்டுகளாக நறுக்கி, கோமியத்தில் 3 நாள், தினமும் புதுக் கோமியம் மாற்றி, வெயிலில் வைத்து எடுப்பது பரவலான முறை. பாலில் துணிமுடிச்சாகத் தொங்கவிட்டு வேகவைப்பதும் உண்டு. தான்பாவும் கோமியமும் வேறு வேறு திரவங்கள், ஆனால் துண்டாக்கு, ஊறவை, நீரை மாற்று என்ற ஒழுங்கு ஒன்றே. பெயர்ப் பொறி இங்கேயும் இருக்கிறது: செங்காந்தளுக்கு நாபிக்கொடி என்றும் பெயர். கண்வலிக்கிழங்கு என்று பயிராகும் அதன் நஞ்சு கோல்ச்சிசின். அகோனிட்டினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்கான சிகிச்சையும் வேறு.

எங்கே தவறுகிறது

கி.மு. 71-இல் ஹான் பேரரசர் ஷுவானின் மனைவி ஷு பிங்ஜுன் பிரசவித்துப் படுத்திருந்தார். தன் மகளை அரசியாக்க நினைத்தவர், அதிகாரத்தின் உச்சத்திலிருந்த ஹுவோ குவாங்கின் மனைவி. அவருக்காகச் சுன்யு யென் என்ற அரண்மனை மருத்துவச்சி ஃபூட்ஸுவை இடித்துப் பொடியாக்கி உள்ளே கொண்டுபோய், அரசிக்குக் கொடுக்கும் மாத்திரையில் கலந்தார். சிறிது நேரத்தில் அரசி, தலை கனக்கிறதே, மருந்தில் நஞ்சு ஏதும் உண்டா என்று கேட்டதாக வரலாற்று ஏடு சொல்கிறது. இல்லை என்று பதில் வந்தது. அரசி இறந்துபோனார். மருத்துவச்சிக்குத் தொழில் தெரிந்திருந்தது: கஷாயத்தில் போடவில்லை, பொடியாகப் போட்டார்.

இன்றைய விபத்துகளில் கொலை நோக்கம் இல்லை, ஆனால் வழி அதேதான். ட்ஸாவ்வூவையோ சுவான்வூவையோ பச்சையாகப் பொடித்து வலிக்கு விழுங்குவது. அதைவிட மோசம், சாராயத்தில் ஊறவைப்பது. மூட்டு வலிக்குத் தேய்க்கவென்று போட்டுவைத்த சீசாவிலிருந்து ஒருவர் ஒரு குவளை ஊற்றிக் குடித்துவிடுவார். சாராயம் ஆல்கலாய்டுகளை நன்றாகக் கரைத்து இழுக்கும்; ஆனால் கட்டை உடைக்கச் சூடு இல்லை. வருடக்கணக்கில் ஊறினால் நஞ்சு செத்துவிடும் என்ற நம்பிக்கை பல உயிர்களைக் குடித்திருக்கிறது.

யுன்னானில் குளிர்காலத்தில் இந்தக் கிழங்கை இறைச்சியோடு பெரிய சட்டியில் மணிக்கணக்காக வேகவைத்துக் குடும்பமாகச் சாப்பிடும் வழக்கம் உண்டு. மாலையில் தொடங்கி விடியும்வரை அடுப்பு எரிய வேண்டும். நடு இரவில் அடுப்பு அணைந்து, பிறகு யாரோ மூட்டிவிட்டால் எத்தனை மணி நேரம் வெந்தது என்று யாருக்கும் தெரியாது. காலையில் ஒரே மேசையிலிருந்து ஐந்தாறு பேர் மருத்துவமனைக்குப் போவது அப்படித்தான். மாகாணச் சுகாதாரத் துறை இதை எச்சரித்துக்கொண்டே இருக்கிறது, சட்டியும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

ஹாங்காங் வேறு வழி பிடித்தது. 1999-இல் வந்த சீன மருத்துவச் சட்டம், நச்சு மூலிகைகள் 31-ஐ முதல் அட்டவணையில் வைத்தது. பச்சை ஃபூட்ஸு, பச்சை சுவான்வூ, பச்சை ட்ஸாவ்வூ மூன்றும் அதில் உண்டு. பதிவு பெற்ற சீன மருத்துவரின் சீட்டு இல்லாமல் கடையில் கொடுக்க முடியாது.

நாக்கு மரத்தால்

குடித்துப் பத்து நிமிடத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் தொடங்கும். முதலில் உதடும் நாக்கும் ஊசி குத்துவது போல மரக்கும். பிறகு அது முகத்துக்கும் விரல் நுனிகளுக்கும் பரவும். அப்புறம் வாந்தி, வயிற்று வலி, கைகால் தளர்ச்சி. இதயம் முதலில் மெதுவாகி, பின் தாறுமாறாகத் துடிக்கும். மரப்பை 'மருந்து வேலை செய்கிறது' என்று எண்ணி அடுத்த வேளையையும் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மரப்பு வந்தால் சட்டியில் நேரம் போதவில்லை என்று அர்த்தம். அதே கஷாயத்தைத் திரும்பக் குடிக்கக் கூடாது.

முறிமருந்து என்று ஒன்று கிடையாது. பாசிப்பயறுக் கஞ்சியும் அதிமதுரக் கஷாயமும் சீன வீடுகளில் கைவைத்தியம். அதைக் காய்ச்சிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதயம் காத்திருக்காது. மருத்துவமனையில் இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். துடிப்பு இறங்கினால் அட்ரோபின், கீழறைகள் தறிகெட்டால் அமியோடரோன் அல்லது ஃப்ளெக்கைனைடு. எதுவும் பலிக்காதபோது இதய-நுரையீரல் எந்திரத்தில் இணைத்து, உடம்பு நஞ்சைக் கழிக்கும்வரை தாங்கிப் பிடித்து மீட்டவர்களும் உண்டு. முதல் நாளைத் தாண்டிவிட்டால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

கிளம்பும்போது சட்டியைக் கழுவிவிட வேண்டாம். அடியில் மிஞ்சிய சக்கை, மிச்சக் கஷாயம், மருந்துப் பொட்டலத்தின் காகிதம், மருத்துவர் எழுதிய சீட்டு, நான்கையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப்போக வேண்டும். சக்கையில் கிடப்பது ஃபூட்ஸுவா, ட்ஸாவ்வூவா, கடைக்காரர் தவறி அள்ளிய வேறெதுவுமா என்பதை அதிலிருந்துதான் கண்டுபிடிப்பார்கள். எத்தனை மணிக்கு அடுப்பில் வைத்தீர்கள், எத்தனை மணிக்குக் குடித்தீர்கள் என்று கேட்பார்கள். அந்த இரண்டு நேரத்தையும் பையின் மேலேயே எழுதிவிடுங்கள்.